நடுவர் இல்லாத மைதானம்

திருகோணமலை மாவட்டத்தில் இளைஞர் பணிகளுக்கான கள உத்தியோகத்தராக நான் கடமையாற்றிய ஆண்டுகளில், தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளை ஒன்றாக இருத்திப் பல கருத்தரங்குகளை நடத்தினோம். மண்டபத்தில் நட்பாகப் பேசியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்ததும் அவரவர் ஊர்க்காரரோடு தனித்தனியே அமர்ந்துகொள்வார்கள். அந்த இடைவெளி உண்மையாகவே குறைந்ததை நான் கண்டது ‘அல்டிமேட்’ எனப்படும் பறக்கும் தட்டு விளையாட்டில்தான்.

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கொலம்பியா உயர்பள்ளி மாணவர்களிடையே தோன்றிய விளையாட்டு இது. இதன் உலகச் சம்மேளனத்துக்கு 2015இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் கிடைத்தது. புல்தரையில் அணிக்கு எழுவர், மணலில் ஐவர். 175 கிராம் எடையுள்ள தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக்கூடாது. எதிராளி பத்து எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிட வேண்டும். தவறு நடந்ததா இல்லையா என்பதை உலகப் போட்டிகளில்கூட ஆடுபவர்களே பேசித் தீர்க்கிறார்கள்.

கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த சக உத்தியோகத்தர் ஒருவர் கொண்டுவந்த இரண்டு தட்டுகளோடு, டச் பே கடற்கரையில் எங்கள் அணி தொடங்கியது. கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் ஊறிப்போன ஊரில், வந்த பிள்ளைகளை நிலைக்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. போதாக்குறைக்கு, ஆண்டின் நடுப்பகுதியில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று நல்ல எறிதலையும் அலைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எதிர்காற்றில் தட்டு மேலெழும் என்பதையும், அதன் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, மணிக்கட்டால் கூடுதல் சுழற்சி கொடுத்து எறிய வேண்டும் என்பதையும் அவர்கள் அந்தக் காற்றிடமே கற்றார்கள். பின்னாளில் வெளியூர் அணிகள் இங்கே வந்து தடுமாறியபோது, எங்கள் பிள்ளைகள் தாழப் பறக்கும் குறுகிய எறிதல்களால் நிதானமாக முன்னேறினார்கள்.

கலப்பு ஆட்டத்தின் விதி பெண்பிள்ளைகளின் வரவுக்கு உதவியது. மணலில் ஐவர் ஆடும்போது ஒரு பாலார் மூவர், மற்றப் பாலார் இருவர் என்று இருக்க வேண்டும். ஆகவே பெண்பிள்ளைகள் வராத நாளில் கலப்பு ஆட்டமே இல்லை. அதன் பிறகு வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் அனுமதி கேட்கும் வேலையைப் பையன்களே தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். மஃரிப் எனப்படும் அந்திநேரத் தொழுகைக்கு முன் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியாவின் தாய்மார் கேட்டார்கள். அப்படியே நேரத்தை மாற்றினோம்.

ஆனால் இந்த அணியை அணியாக்கியது வேறொரு விதி என்பதே என் கணிப்பு. ஒரு மாலையில் நகரத்துப் பையன் ஒருவனும் கந்தளாயிலிருந்து வந்த சிங்களப் பையன் ஒருவனும் ஒரே தட்டுக்குத் தாவினார்கள். தட்டு மணலில் விழுந்தது. தன் கையைத் தட்டிவிட்டதாக முதலாமவன் ஆட்டத்தை நிறுத்தினான். தான் தொடவே இல்லை என்றான் மற்றவன். ஒருவன் பேசியது மற்றவனுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. இரு மொழியும் அறிந்த கிண்ணியாப் பெண்பிள்ளை நடுவே வந்து, ஒவ்வொருவர் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் அடுத்தவருக்குச் சொன்னாள். கடைசியில், “ரெண்டு பேருக்கும் ஒத்துவரல்ல, தட்டத் திருப்பிக் குடுங்க” என்றாள். விதிப்படி எறிந்தவரிடமே தட்டு போயிற்று, ஆட்டம் தொடர்ந்தது.

யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கவில்லை, யாரும் தோற்கவுமில்லை என்பது என்னை வெகுவாகப் பாதித்தது. எங்கள் கருத்தரங்குகள் எப்போதும் உடன்பாட்டையே எதிர்பார்த்தன. முப்பதாண்டு காலப் போரை வீட்டுக்கு வீடு வெவ்வேறாக நினைவுகூரும் இந்த மாவட்டத்தில் அது அநேகமாகக் கைகூடாத எதிர்பார்ப்பு. உடன்படாமலே சேர்ந்து ஆடுவதற்கு இந்த விளையாட்டில் ஒழுங்கான வழி இருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கலந்து வட்டமாக அமர்ந்து, எதிரணியின் நேர்மைக்கும் பேச்சுக்கும் தன்னடக்கத்துக்கும் புள்ளியிடுவார்கள். சோற்றுப் பார்சல்களைப் பிரித்தபோதும் அந்த வட்டம் அப்படியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் திட்டத்துக்கான நிதி நின்றபோது அணி நிற்கவில்லை. மூத்த ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்துத் தட்டு வாங்கினார்கள். இப்போது பயிற்சி கொடுப்பவர்களும் அவர்களே. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளில் அவர்கள் கற்றுக்கொடுப்பது, ஆட்டத்தை எப்படி நிறுத்துவது, எதிராளி சொல்வதை முழுமையாகக் கேட்டபின் எப்படி மறுப்பது என்பதைத்தான். எறிதல் பயிற்சி அதற்குப் பிறகே தொடங்குகிறது.