போல்டர் உயரத்தில் ஃபெர்மென்டர்: ஆய்வக நாட்குறிப்பு

செப்டம்பர் 9, செவ்வாய்

கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,650 மீட்டர் மேலே இருக்கிறது. கெமிக்கல் அண்ட் பயலாஜிகல் இன்ஜினியரிங் படிப்பவர் இங்கே ஃபெர்மென்டர் (நுண்ணுயிர்களை வளர்க்கும் கலன்) பற்றிய எந்தக் கணக்கையும் அந்த உயரத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். காற்றழுத்தம் ஏறக்குறைய 12.1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); கடற்கரையில் 14.7. ஆட்டோக்ளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே கூடுதலாக உள்ள அழுத்தத்தை; அது 15 காட்டினால் உள்ளே 121 டிகிரி என்பது கடற்கரைக் கணக்கு. இங்கே அது 118 தான், 121 வர கேஜ் 17.5-ஐத் தாண்டவேண்டும். கேஜைவிட, மீடியத்துக்குள் (நுண்ணுயிர் வளரும் ஊட்டக் கரைசல்) வைத்த வெப்பமானியை நம்பலாம். குளுக்கோஸைத் தனிப் பாட்டிலில் ஸ்டெரிலைஸ் செய்யவும். அமினோ அமிலங்களோடு சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பாகிவிடும்.

செப்டம்பர் 11, வியாழன்

டி.ஓ. (கரைந்துள்ள ஆக்சிஜன்) அளக்கும் ப்ரோப். போலரோகிராஃபிக் வகை (மின்னழுத்தம் கொடுத்து அளப்பது) என்றால் குறைந்தது 6 மணி நேரம் மின் இணைப்பில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரீடிங் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆட்டோக்ளேவ் முடிந்து, 37 டிகிரிக்கு வந்தபின் காலிபிரேஷன்: நைட்ரஜனில் 0, காற்றில் 100. அந்த 100 சதவீதம்தான் ஆளை ஏமாற்றும். கடல்மட்டத்தில் அது தண்ணீரில் லிட்டருக்கு 6.7 மி.கி. ஆக்சிஜன், இங்கே 5.4 மட்டுமே. திரையில் இரண்டும் ஒன்றுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கே.எல்.ஏ. அளவீடு: காற்றிலிருந்து ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகத் திரவத்தில் கரைகிறது என்பதைக் காட்டும் எண். நைட்ரஜன் விட்டு டி.ஓ.வைக் கீழே இறக்கி, காற்றைத் திறந்து, ஏறுவதை நொடிக்கு நொடி பதிவு செய்யவேண்டும். நிறைவு அளவுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்பதன் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால், சரிவே கே.எல்.ஏ. 10 முதல் 80 சதவீதம் வரை உள்ள பகுதியை மட்டும் எடுப்பது நல்லது. கலக்கி நிமிடத்துக்கு 400 சுற்று (ஆர்.பி.எம்.) சுழலும்போது நொடிக்கு 0.02 வந்தால் ஓரளவு நம்பலாம். 800-இல் 0.05 என்றால் சந்தேகம்தான்: அங்கே ஏற்றத்தின் நேர அளவே 20 நொடி, ப்ரோப்பின் தாமதமும் கிட்டத்தட்ட அவ்வளவு. உண்மை மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

செப்டம்பர் 18, வியாழன்

ஈ.கோலை பாக்டீரியா, குளுக்கோஸ் லிட்டருக்கு 10 கிராம். கே.எல்.ஏ. 0.05 என்றே வைத்தாலும், இந்த உயரத்தில் மணிக்கு லிட்டருக்கு 30 மில்லிமோலுக்கு மேல் ஆக்சிஜன் கரையாது. ஒரு கிராம் உலர் செல் மணிக்கு 10 மில்லிமோல் கேட்டால், லிட்டருக்கு 3 கிராமிலேயே டி.ஓ. தரைதட்டும். குளுக்கோஸ் இன்னும் மீதம் இருக்க, அசிட்டேட் சேர்ந்து அமிலத்தன்மை கூட, அதைச் சமன்செய்ய பம்ப் காரத்தை அள்ளி ஊற்றத் தொடங்கும். கலக்கும் வேகத்தைக் கூட்டினால் நுரை. ஆன்டிஃபோம் (நுரை அடக்கி) கொட்டினால் கே.எல்.ஏ. சரியும். சொட்டுச் சொட்டாக மட்டும் விடவும். காற்றோடு தூய ஆக்சிஜன் கலப்பதே சுலபம். டி.ஓ. திடீரென்று செங்குத்தாக ஏறினால் குளுக்கோஸ் தீர்ந்தது என்று அர்த்தம். உடனே சாம்பிள் எடுக்கவும்.