பாலி என்றால் பல

எதிர்வீட்டு அக்காவின் மகன் பத்தாவது முடித்துவிட்டு இந்த வருஷம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். யாராவது கேட்டால் அக்கா குரலை இறக்கி, "வெறும் பாலிடெக்னிக்தான்" என்பார். எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் இந்த "வெறும்" கேட்டுக்கொண்டே இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். போன வாரம் கரண்ட் போன ஒரு ராத்திரி, மொட்டை மாடியில் எல்லோரும் காற்றுக்காக உட்கார்ந்திருந்தபோது அவனே கேட்டான்: "மாமா, பாலிடெக்னிக்ல இந்த பாலின்னா இன்னா?"

கிரேக்கத்தில் பாலி என்றால் பல, அவ்வளவுதான் என்றேன். அவன் விடவில்லை. அப்போ பாலிசி? பாலிஷ்?

நல்ல கேள்வி. தமிழில் எழுதும்போது எல்லாமே 'பாலி'யில்தான் தொடங்குகின்றன, ஆனால் இவை வேறு வேறு குடும்பம். பாலிஷ் லத்தீனிலிருந்து வந்தது. அரசாங்கத்தின் பாலிசி, நகரம் என்று பொருள்படும் கிரேக்க 'போலிஸ்' வழி வந்த சொல். நம்ம போலீஸும் அதே வழிதான். இன்சூரன்ஸ் பாலிசி இன்னொரு வழி, அத்தாட்சி என்ற பொருளுள்ள வேறொரு கிரேக்கச் சொல் இத்தாலி வழியாகச் சுற்றி வந்தது. போலியோவுக்கு வேர் சாம்பல் நிறம், ஏனென்றால் அந்த நோய் தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியைத் தாக்குகிறது. சந்தேகம் வந்தால் பாலியைக் கழற்றிவிட்டு மிச்சத்துக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 'சி'க்கும் 'ஷ்'ஷுக்கும் ஒன்றும் இல்லை, 'டெக்னிக்'குக்கு இருக்கிறது. இதிலும் ஏமாற்றுவது பாலிகிளினிக். ஜெர்மனியில் அது முதலில் நகரத்து மருத்துவமனை என்ற அர்த்தத்தில் போலிஸை வைத்துத்தான் பிறந்தது, பிறகு ஜனங்கள் அதைப் 'பல' என்று புரிந்துகொண்டு ஆங்கில எழுத்தையே மாற்றிவிட்டார்கள்.

அவன் அப்பாவுக்குக் காசிமேட்டில் வலை வேலை. அவரும் பக்கத்தில்தான் இருந்தார். அவர் தினமும் தொடும் நைலானுக்கு வேதியியல் பெயர் பாலிஅமைடு, கயிறு பாலிப்ரோப்பிலீன் என்றதும், "கயிறு மிதக்கும், நைலான் முழுகும்" என்றார். சரியாகச் சொன்னார், பாலிப்ரோப்பிலீன் தண்ணீரைவிட லேசு, நைலான் கனம். இரண்டிலும் பாலி வருவதற்குக் காரணம், ஒரே சின்னத் துண்டு ஆயிரக்கணக்கில் கைகோத்துச் சங்கிலியாக நிற்பது. பாலிமர் என்றாலே பல பாகம். பெர்சீலியஸ் என்ற சுவீடன் வேதியியலாளர் 1833இல் அந்தச் சொல்லை உருவாக்கினார், ஆனால் அவர் நினைத்தது இந்த நீளச் சங்கிலியை இல்லை. சங்கிலிதான் என்று 1920இல் எடுத்துச் சொன்னவர் ஸ்டாடிங்கர், அதற்கு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பாலித்தீன் கவரும் இதே சங்கிலி வகைதான். மணலியில் தயாராகும் பாலியால் என்ற திரவத்தின் பெயரிலும் பாலி இருக்கிறது, அதை வைத்துத்தான் மெத்தைக்கான பாலியூரித்தேன் நுரை செய்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். கிரேக்கத்துக்குப் பாலி செய்யும் வேலையைத் தமிழில் 'பல்' செய்கிறது, அதுவும் பக்கத்தில் வரும் எழுத்தைப் பார்த்து உருமாறிக்கொண்டே செய்கிறது: மொழியோடு சேர்ந்தால் பன்மொழி, நாட்டோடு பன்னாடு, உயிரோடு பல்லுயிர். ஒன்பதாவதில் பயமுறுத்தும் பாலினாமியலைப் பல்லுறுப்புக்கோவை என்று பிரித்துப் படித்தால் பாதி பயம் போய்விடும், பல உறுப்புகளைக் கோத்தது என்று அதன் பெயரே சொல்கிறது. (பல், பாலி இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் சொந்தம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது. பாலிக்கு நிஜமான உறவு வடமொழியின் 'புரு', அதற்கும் பல என்றுதான் அர்த்தம்.)

அப்புறம் டெக்னிக். 'டெக்னே' என்றால் கிரேக்கத்தில் கைத்திறன், தொழில், கலை. அப்படியென்றால் பாலிடெக்னிக்கை எழுத்துக்கு எழுத்து தமிழில் வைத்தால் என்ன வரும்? பல்கலை! யுனிவர்சிட்டி என்ற சொல்லில் 'பல'வும் இல்லை 'கலை'யும் இல்லை, அதன் லத்தீன் வேருக்கு 'முழுமை' என்று பொருள். பல்கலைக்கழகத்தில் இருக்கும் பல்கலை, சொல்லளவில் இவன் சேர்ந்திருக்கும் இடத்தின் பெயர். 1794இல் பாரிஸில் தொடங்கிய ஒரு பொறியியல் பள்ளி மறுவருஷம் எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கணிதத்தில் வரும் கோஷி அங்கே படித்தவர், இவன் வெப்பவியலில் படிக்கப்போகும் கார்னோ சுழற்சிக்குப் பெயர் தந்த சாடி கார்னோவும் அங்கே படித்தவர்தான். அங்கே அந்தச் சொல்லோடு யாரும் 'வெறும்' சேர்ப்பதில்லை.

மூன்று வருஷம் டிப்ளமோ முடித்தால் நேராக இரண்டாம் வருஷ பி.இ.யில் சேரலாம் என்பதும் இருக்கிறது, ஆனால் அதை வைத்து மட்டும் அந்தப் படிப்பை மதிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. லேத்தில் நின்று வேலை கற்றுக்கொள்வதே கலைதான், டெக்னே என்ற சொல் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

கரண்ட் வந்துவிட்டது. அக்கா எழுந்து போவார் என்று பார்த்தால், "தம்பி, இந்தப் பல்கலை விஷயத்தை அவங்க பெரியப்பா கிட்ட நீயே ஒரு தபா சொல்லுப்பா" என்று நம்பரைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டார்.