ஜனவரியில் மாட்டுக்கு என்ன போடுவீர்கள்?

மலையில் மாடு வைத்திருப்பவர்கள் புல்லைப் பற்றி ஜூலையிலோ நவம்பரிலோ பேசுவதில் அர்த்தமே இல்லை. அப்போது எல்லாரிடமும் புல் இருக்கும். வரப்பில் இருக்கும், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இருக்கும், ரோட்டோரத்தில் இருக்கும். ஒன்றும் பயிர் செய்யாதவன் மாடுகூட வயிறு நிறையத் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். ஜனவரி வரட்டும். ராத்திரி உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில், மழை கிடையாது, பள்ளத்தில் இருந்த பச்சையெல்லாம் வெந்த மாதிரி கறுத்துப்போயிருக்கும். அங்கிருந்து ஏப்ரலில் கோடை மழை விழும் வரை மாட்டுக்கு என்ன போடுவது என்பதுதான் நீலகிரியில் தீவனப் பிரச்சினை. என்ன புல் வைக்கலாம் என்று கேட்கிற எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது இந்தத் தலைப்பில் இருக்கும் கேள்வியைத்தான்.

குன்னூர்ப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் போன வருடம் போன் செய்து, "ஏங்க, கோ-4 போட்டா வருஷத்துக்கு ஏழு அறுப்பு வரும்னாங்க, எனக்கு நாலே தேறலையே" என்று வருத்தப்பட்டார். ஏழு அறுப்பு என்பது பொய் இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அது. முதல் அறுப்பு 75, 80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை என்று அறுத்தால் எக்டேருக்கு ஏறக்குறைய 400 டன் வரை வரும் என்பது அவர்கள் கணக்கு. அதெல்லாம் சமவெளிக் கணக்கு. தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, வருடம் முழுக்க வெயில் காய்கிற இடத்தில் எடுத்தது. நேப்பியர் வெப்பத்தில் வளர்கிற புல். குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மந்தமாகிவிடும், 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றே போகும். கூடலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம், அங்கே கோ-4, கோ-5, கினியாப் புல் எல்லாம் ஜோராக வரும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே. ஒரே மாவட்டம்தான், ஆனால் புல்லுக்கு அது இரண்டு வேறு நாடு. குன்னூரும் கோத்தகிரியும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்கள், இங்கே நேப்பியர் வைக்கலாம், ஆனால் ஜூன் முதல் டிசம்பர் வரைக்குமான புல் என்று நினைத்து வைக்க வேண்டும். ஜனவரிக்கு அதை நம்பினால் மாடு பட்டினிதான்.

இதில் இன்னொரு விஷயம், உயரத்தைவிட இடம் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியாக வழிந்து இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் உறைபனி பள்ளத்தில்தான் முதலில் விழுகிறது, அதற்கு மேலே நடுச்சரிவில் இருக்கிற தோட்டம் பல நாள் தப்பித்துவிடுகிறது. தண்ணீர் வசதி இருக்கிறதே என்று ஓடைக்கரையில் நேப்பியர் நடுகிறவர்கள் நிறையப் பேர், அது ஆறு மாதம் பனை மாதிரி வளர்ந்து நின்றுவிட்டு ஒரே வாரத்தில் பொசுங்கிவிடும். நேப்பியரை நடுச்சரிவில், காலை வெயில் விழுகிற பக்கமாக, வரப்போரத்தில் குறுக்காக வையுங்கள். மழையில் மேல்மண் அரித்துப் போகாமல் தூர் பிடித்துக்கொள்ளும், அது இலவசமாகக் கிடைக்கிற லாபம். (புல் வைத்தால் மண்சரிவே வராது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். 2009 நவம்பரில் இங்கே சரிந்ததை நேரில் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். புல்லின் வேர் மேல்மண்ணைத்தான் பிடிக்கும், மலையைப் பிடிக்காது.)

பள்ளத்துக்கு என்ன? ஏற்கெனவே அங்கே இருப்பது பெரும்பாலும் கிக்குயூ. கென்ய மலைநாட்டிலிருந்து உலகம் முழுக்கப் போன புல், நம் ஊரில் யாரும் நடாமலேயே எங்கும் படர்ந்து கிடக்கிறது. உறைபனியில் மேலே கருகும், ஆனால் கொடி சாகாது, மழை விழுந்த உடனே எழுந்துவிடும். மேய்ச்சலுக்கு இதை அடித்துக்கொள்ள இன்னொன்று இல்லை, எத்தனை மிதி மிதித்தாலும் தாங்கும். கேரட் பாத்தி பக்கத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள், ஒரு முறை உள்ளே நுழைந்தால் அப்புறம் கேரட்டைவிடக் கிக்குயூதான் நிறையத் தோண்டுவீர்கள். அறுத்துப் போட வேண்டும் என்றால் செட்டேரியா என்கிற புல் நல்லது. அதில் நரோக் என்கிற ரகம் உறைபனியை மற்றதைவிட நன்றாகத் தாங்கும். நடுவதும் சுலபம், தூரைப் பிரித்து வைத்தால் போதும்.

இந்த இரண்டு புல்லுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. இரண்டிலும் ஆக்ஸலேட் இருக்கிறது, அது புல்லில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டுக்கு அசையூண் பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் இதைப் பழகப் பழகச் சமாளித்துக்கொள்ளும், அதனால் பசியோடு இருக்கிற புது மாட்டை நேராகச் செட்டேரியாவில் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதையே மாதக்கணக்கில் தின்கிற குதிரைக்கு எலும்பு பலவீனமாகி முகம் வீங்கிப்போகும், மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். கிக்குயூவில் உப்புச் சத்தும் குறைவு. தாது உப்புக் கலவை தினமும் கொடுங்கள், இங்கே அதில் கஞ்சத்தனம் பார்த்தால் பாலிலும் சினை பிடிப்பதிலும் அடி வாங்குவீர்கள். கிக்குயூ வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே தோடர்கள் எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். இந்த மலையில் கால்நடையை யார் முதலில் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அவர்கள் எருமை மேய்த்த புல்வெளியில் பாதிக்கு மேல் இன்றைக்கு சீகை (வாட்டில்) மரமாகவும் தைல மரமாகவும் தேயிலையாகவும் நிற்கிறது, அது தனிக் கதை, இங்கே ஆரம்பித்தால் முடியாது.

கவுதமாலாப் புல் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டுகளில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறு நடவு செய்வதற்கு முன்னால் மண்ணைத் தேற்றுவதற்காக ஒன்றரை, இரண்டு வருடம் இதை வளர்ப்பார்கள். பெரிய இலை, தடித்த தண்டு, சத்து சுமார்தான், மாடும் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் வறட்சியில் எல்லாம் காய்ந்து நிற்கும்போது இது பச்சையாக நிற்கும். கடும் உறைபனி விழாத இடத்தில் வரப்போரமாக ஒரு வரிசை இருக்கட்டும். பொடியாக நறுக்கிப் போட்டால் தின்றுவிடும். நறுக்காமல் போட்டால் பாதி காலடியில் கிடக்கும்.

சரி, ஜனவரிக்கு வருவோம். என் பதில் ஓட்ஸ்.

400 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனமும், நாலைந்து கிலோ உலர்தீவனமும் வேண்டும். இரண்டு மாடு என்றால் நாளுக்கு 60 கிலோ, மூன்று மாதத்துக்கு ஐந்தரை டன் பச்சை. இதை நினைத்துப் பார்த்துவிட்டு உங்கள் இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். அவ்வளவு பச்சை எங்கே இருக்கிறது? ஓட்ஸ் குளிர்காலப் பயிர், நேப்பியர் தூங்கப் போகிற குளிரில்தான் இது விழிக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைப் பிடிக்கிற மாதிரி செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் விதைத்துவிட வேண்டும். ஏக்கருக்கு 35, 40 கிலோ விதை, கென்ட் ரகம் பரவலாகக் கிடைக்கிறது. முதல் அறுப்பு சமவெளியில் இரண்டு மாதத்தில் வரும், இங்கே இன்னும் கொஞ்சம் இழுக்கும். தரையோடு ஒட்ட அறுக்காமல் நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழையும். உருளைக்கிழங்கு எடுத்த நிலம் இதற்கு அருமையான இடம், மண் ஏற்கெனவே பொலபொலவென்று இருக்கும், போட்ட உரத்தில் மிச்சமும் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், மேலே யூரியாவைக் கொட்டாதீர்கள். மேகமூட்டமும் குளிருமான நாட்களில் பயிர் அதை முழுக்கச் செரித்துக்கொள்ளாமல் இலையில் நைட்ரேட்டாகச் சேர்த்து வைக்கும், அது மாட்டுக்கு விஷம். கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கிற ஓட்ஸைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வரும், அதை வைக்கோலோடு கலந்துதான் போடுவேன்.

புல் மட்டும் போதாது, பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு பயறு வகையாக இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். சொல்வது சுலபம். அந்த வகையில் பேர்போன குதிரைமசாலை (லூசர்ன்) மலையில் கொண்டுவருவது பெரிய பாடு. நம் மண் புளிப்பு மண், தேயிலைக்கு அது பிடிக்கும், குதிரைமசாலுக்கு ஆகவே ஆகாது. டோலமைட்டோ சுண்ணாம்போ தாராளமாகப் போட்டு மண்ணைத் திருத்தினால்தான் நிற்கும், அந்தச் செலவு இரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகுமா என்று எனக்குச் சந்தேகம். அதற்குப் பதிலாக ஓட்ஸோடு பட்டாணி கலந்து விதைக்கலாம். கிக்குயூவுக்கு நடுவில் தானாக முளைக்கிற வெள்ளைக் குளோவரை, அந்த மூன்றிலைச் செடியை, களை என்று பிடுங்காமல் விட்டுவைக்கலாம். ஆனால் குளோவர் அடர்ந்த இடத்தில் காலைப் பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் மாட்டை விடாதீர்கள், வயிறு உப்பிக்கொள்ளும். முதலில் கொஞ்சம் வைக்கோல் தின்னட்டும். அப்புறம் மரங்கள். உத்தரகாண்ட் மலைகளில் பீமல் மரத்தைக் குளிர்காலத் தழைக்காகவே வயலோரத்தில் வைத்திருக்கிறார்கள், மற்றது காய்கிற நேரத்தில் அதில் பச்சை இருக்கும். நம் பக்கம் கொஞ்சம் தாழ்வான இடங்களில் கல்யாண முருங்கை அந்த வேலையைச் செய்யும், மிளகுக் கொடிக்கும் தாங்குமரமாகிவிடும். கோத்தகிரிக்கு மேலே குளிர் கூடக்கூட மரத்தழையை நம்ப முடியாது.

மிச்சத்துக்கு வைக்கோல்தான். கோபி, சத்தி பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருகிற வைக்கோலுக்கு நாம் கொடுக்கிற விலையில் பாதி மலையேறுகிற கூலி. அறுவடை நேரத்தில் வாங்கிப் போடுகிறவர் பிழைத்தார், மார்ச்சில் தேடுகிறவர் கேட்ட விலையைக் கொடுத்தார். நவம்பரில் மிஞ்சுகிற நேப்பியரை ஊறுகாய்ப்புல்லாக (சைலேஜ்) போட்டு வைக்கலாம், உண்மையில் எல்லாரும் செய்ய வேண்டியது இது. இங்கே காய வைத்துப் பதப்படுத்த வெயிலே கிடைக்காது. மழையில் அறுத்த புல்லை அப்படியே டிரம்மில் திணித்தால் அழுகும், கூரைக்கு அடியில் ஒரு நாள் வாட விட்டு, பொடியாக நறுக்கி, வெல்லப்பாகுத் தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாமல் மிதித்து மிதித்து அடைக்க வேண்டும். ஒன்றரை மாதத்தில் தயார். திறக்கும்போது புளித்த நல்ல வாசம் வரும், பூஞ்சணம் பிடித்த பகுதி இருந்தால் யோசிக்காமல் குப்பைக்கு.

கேரட் கழுவுகிற இடங்களில் கிடைக்கிற கழிவுக் கேரட்டும் தழையும் நல்ல தீனி, பலர் ஜனவரியை ஓட்டுவதே அதில்தான். முழுக் கேரட்டைப் போடாதீர்கள், தொண்டையில் சிக்கும். முட்டைக்கோஸ் இலை அளவோடு, இல்லாவிட்டால் பாலில் நாற்றம் வரும். பச்சை பிடித்த உருளைக்கிழங்கும் முளைவிட்டதும் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றிலும் மருந்து அடித்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேயிலைக்கு நடுவில் புல்லறுக்கப் போகிறவர்களுக்கும் இதேதான், களைக்கொல்லி தெளித்த தோட்டம் இரண்டு மூன்று நாள் பச்சையாகத்தான் தெரியும், பார்வைக்கு ஒன்றும் புலப்படாது.

தீவனம் இல்லாத மாதங்களின் நிஜமான ஆபத்து என்னவென்றால், மாடு பசியில் தொடக்கூடாததைத் தொடும். வயிறு நிறைந்த மாடு பெரணியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிப்ரவரி, மார்ச்சில் தின்னும். தொடர்ந்து தின்றால் சிறுநீர்ப்பை கெட்டு ரத்தமாகப் போகும், நம் மலையில் வெகுகாலமாக இருக்கிற நோய் இது, முற்றினால் மருந்து கேட்காது. அதன் விஷம் பாலிலும் இறங்கும், அந்தப் பாலை வீட்டில் குழந்தைகளும் குடிக்கின்றன. உண்ணிச்செடி தின்றால் கல்லீரல் போகும், வெயில் பட்ட இடமெல்லாம், முக்கியமாக வெள்ளைத் தோல், வெந்து உரியும். இரண்டுக்கும் நான் அறிந்த ஒரே தடுப்பு கொட்டகையில் பச்சை இருப்பது.

கடைசியாகக் காட்டுமாடு. நீங்கள் ஜனவரிக்கென்று பார்த்துப் பார்த்து வளர்த்த பச்சை, சுற்றிலும் எல்லாம் காய்ந்த நேரத்தில், அதற்கும் பச்சையாகத்தான் தெரியும். கூட்டமாக வந்தால் ஒரு ராத்திரியில் முடித்துவிடும், கல்சுவர் எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, விரட்டப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. சூரியசக்தி வேலி போட முடிந்தால் போடுங்கள். முடியாதென்றால் ஓட்ஸை வீட்டு விளக்கு வெளிச்சம் எட்டுகிற இடத்தில் விதையுங்கள், அது கொஞ்சம் சுமாரான மண்ணாக இருந்தாலும் சரி. நேப்பியர் தள்ளி இருந்துகொள்ளட்டும். மேய்ந்துவிட்டுப் போனாலும் தூரிலிருந்து மறுபடி வரும், கதிர் தள்ளுகிற நேரத்தில் மேய்ந்த ஓட்ஸ் வராது.