எடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் யார் முதல் ஆள்?

2023 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் இரண்டு குத்துச்சண்டைகள். 25-ஆம் தேதி டோக்கியோவில் நவோயா இனோவே, அதுவரை தோற்றதே இல்லாத ஸ்டீபன் ஃபுல்டனை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். நான்கு நாள் கழித்து லாஸ் வேகாஸில் டெரன்ஸ் கிராஃபோர்ட், அதேபோல் தோல்வியே அறியாத எரோல் ஸ்பென்ஸை மூன்று முறை கீழே தள்ளி ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். அன்றைக்கு ஆரம்பித்த விவாதம் எனக்கும் என் சித்தி மகனுக்கும் இன்னும் தீரவில்லை. அவன் இனோவே என்பான், நான் கிராஃபோர்ட் என்பேன். ஒருவர் 122 பவுண்டு, இன்னொருவர் 147. இந்த இரண்டு பேரும் ஒருநாளும் ஒரே மேடையில் மோதப் போவதில்லை. அப்புறம் எதை வைத்து ஒருவரை மேலே வைப்பது?

இதற்குத்தான் பவுண்ட் ஃபார் பவுண்ட் பட்டியல். 17 எடைப்பிரிவுகள் இருக்கின்றன, 105 பவுண்டில் தொடங்கி 200-க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிற ஹெவிவெயிட் வரை. எல்லோருக்கும் ஒரே உடம்பு என்று வைத்துக்கொண்டால் யார் கெட்டிக்காரர் என்று கேட்கிற கற்பனைக் கேள்வி இது. இந்தச் சொல்லைக் கேட்டாலே பழைய ரசிகர்களுக்கு நினைவு வருவது சுகர் ரே ராபின்சன். 1946-இல் வெல்டர்வெயிட் (147 பவுண்டு) சாம்பியன், பிறகு மிடில்வெயிட் (160 பவுண்டு) பட்டத்தை ஐந்து முறை பிடித்தவர். ஹெவிவெயிட் சாம்பியனோடு நிறுத்தினால் உடம்பு போதாது, ஆனால் அவரைவிட நன்றாகக் குத்துச்சண்டை போடுகிறவர் யாருமில்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

1922-இல் தொடங்கிய 'தி ரிங்' பத்திரிகை, வரிசை எண் போட்டு இந்தப் பட்டியலைத் தர ஆரம்பித்தது 1989-இல்தான். அதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. விஷயம் தெரிந்த சிலர் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். யாரை ஜெயித்தார், எப்படி ஜெயித்தார், எத்தனை எடை ஏறினார், சமீபத்தில் என்ன செய்தார், பார்க்கும்போது கண்ணுக்கு என்ன தெரிகிறது, இவைதான் அளவுகோல். பாக்ஸ்ரெக் போன்ற தளம் கணினியை வைத்துப் புள்ளி போடுகிறது, அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எதிராளியின் கால் எங்கே போகும் என்று முன்கூட்டியே படித்துவிடுகிற ஒருவரை எண்ணால் எப்படி அளப்பது?

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது 'எத்தனை பிரிவில் பட்டம்' என்கிற கணக்கில்தான். ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1938-இல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். அதாவது 126, 135, 147. இன்றைக்கு அந்த இடைவெளிக்குள்ளேயே 130, 140 என்று இன்னும் இரண்டு பிரிவுகள் நிற்கின்றன. போதாததற்கு ஒவ்வொரு பிரிவிலும் பட்டம் தருகிற நான்கு அமைப்புகள், நான்கு பெல்ட்டுகள் (சாம்பியன் பட்டங்கள்), கூட்டினால் 68. ஆகவே இன்றைய 'மூன்று பிரிவு சாம்பியன்' பழைய மூன்று பிரிவு சாம்பியனுக்குச் சமம் இல்லை. இந்தக் குறை எதுவும் ஒட்டாத ஒரே ஆள் என்று நான் நினைப்பது மேனி பாக்கியாவ். 1995-இல் 106 பவுண்டில் தொழில்முறைச் சண்டைக்கு வந்த மனிதர், 2010-இல் அன்டோனியோ மார்கரிட்டோவை அடித்த ராத்திரி எதிராளி அவரைவிட 17 பவுண்டு கூடுதலாக இருந்தார்.

சின்ன உடம்புக்காரர்கள் பாடுதான் பாவம். ரிக்கார்டோ லோபஸ் பெரும்பாலும் 105 பவுண்டிலேயே சண்டை போட்டார், கடைசியில் 108-க்கு ஏறினார். 51 வெற்றி, ஒரு டிரா, தோல்வி கிடையாது. முதல் இடத்துக்கு அவரை யாரும் பேசவில்லை. நிகரகுவாவின் ரோமான் கொன்சாலெஸ் ஃப்ளைவெயிட்டில் (112 பவுண்டு) இருந்துகொண்டே 2015-இல், அதுவரை முதலிடத்தில் இருந்த ஃப்ளாய்ட் மேவெதர் ஓய்வு பெற்ற பிறகு, தி ரிங் பட்டியலின் உச்சிக்குப் போனார், அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொன்று, எடை ஏறுவதைப் பவுண்டில் எண்ணுவதே தப்பு. 108-இலிருந்து 122 என்றால் 14 பவுண்டுதானே என்று தோன்றும். அது அந்த உடம்பில் எட்டில் ஒரு பங்கு.

அப்படியானால் உன் முதல் ஆள் யார் என்று கேட்டால், இப்போது என் பதில் கிராஃபோர்ட் இல்லை, ஒலெக்சாண்டர் உசிக். இந்தக் கணக்கே ஹெவிவெயிட் அல்லாதவர்களுக்காகப் பிறந்தது, அதில் ஹெவிவெயிட்டைக் கொண்டுபோய் மேலே வைக்கிறாயே என்று தம்பி, அதே சித்தி மகன், கேட்டான். சரியான கேள்விதான். ஆனால் உசிக் 200 பவுண்டு க்ரூசர்வெயிட்டில் 2018-இல் எல்லா பெல்ட்டையும் சேர்த்துவிட்டு மேலே வந்தவர். 2024 மே 18 அன்று ரியாத்தில் டைசன் ஃப்யூரிக்கு எதிரே நின்றபோது இவர் 223 பவுண்டுச் சொச்சம், அவர் 262. உயரத்திலும் அரை அடி வித்தியாசம். நடு ரவுண்டுகளில் ஃப்யூரி கை ஓங்கியிருந்தது, கீழிருந்து மேலே தாடையில் விடுகிற அப்பர்கட் ஒவ்வொன்றும் உசிக்கின் தலையைத் தூக்கியது, நான் முடிந்தது என்றே நினைத்தேன். ஒன்பதாவது ரவுண்டில் அந்த இடது கை போய் விழுந்ததும் ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடினார், நடுவர் எண்ண ஆரம்பித்தார், கடைசியில் புள்ளிகளில் ஜெயித்தது உசிக். மற்றவர்களுக்குக் கற்பனையில் கேட்கிற கேள்விக்கு உசிக் மேடையிலேயே பதில் சொன்னார். டிசம்பரில் ஃப்யூரி 281 பவுண்டோடு வந்தார், மறுபடியும் தோற்றார்.

கிராஃபோர்டை இரண்டாவதாக வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான். 2025 செப்டம்பரில் 154-இலிருந்து 168-க்கு ஒரே தாவாகத் தாவி கனெலோ அல்வாரஸைப் புள்ளிகளில் ஜெயித்தார். டிசம்பரில் 42 சண்டை, 42 வெற்றி என்று ஓய்வை அறிவித்தார்.

இனோவேயை மூன்றாவதாகச் சொல்லும்போது எனக்கே மனசு ஒப்பவில்லை. 2024 மே 6 அன்று டோக்கியோ டோமில் லூயிஸ் நெரி முதல் ரவுண்டிலேயே அவரைத் தரையில் உட்கார வைத்தார். எழுந்து ஆறாவது ரவுண்டில் நெரியை முடித்தார் இனோவே, தி ரிங் அவரை மறுபடி முதலிடத்தில் வைத்தது, பன்னிரண்டாவது நாள் உசிக் ஜெயித்ததும் அந்த இடம் போனது. ஒரு தப்பும் செய்யாமல் இறங்கினார். தம்பி இதைச் சொல்லும்போது என்னிடம் பதில் இல்லை. 2019-இல் ஜப்பானின் சைட்டாமாவில் பிலிப்பைன்ஸ் வீரர் நோனிட்டோ டொனேர் இரண்டாவது ரவுண்டில் இடது கையை வளைத்து விட்ட லெஃப்ட் ஹூக்கில் இனோவேயின் வலது கண்குழி எலும்பு உடைந்தது. எதிராளி இரண்டிரண்டாகத் தெரிய, அந்தக் கண்ணைக் கையுறையால் மறைத்துக்கொண்டு பன்னிரண்டு ரவுண்டும் நின்று புள்ளிகளில் ஜெயித்தார். பதினொன்றாவதில் வயிற்றில் ஒரு குத்து, டொனேர் மண்டியிட்டார். அந்த ரவுண்டை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எண்ணவில்லை.