பங்கு: 100

குழு விபத்துக் காப்பீட்டைப் புதுப்பிப்பதற்காக இன்று மனிதவளப் பிரிவில் எடுத்துக் கொடுத்த என் பழைய படிவத்தில், நான் இறந்தால் பணம் பெறுபவரைக் குறிக்கும் நியமனதாரர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

பங்கு என்ற கட்டத்தில் நீல மையில் 100 என்று எழுதி, அது போதாதென்று அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதியிருக்கிறேன்.

வருங்கால வைப்பு நிதியிலும் பணிக்கொடையிலும், குடும்பம் இல்லாத காலத்தில் செய்த நியமனம் குடும்பம் அமைந்ததும் செல்லாததாகிவிடும் என்று விதியே இருக்கிறது. நிறுவனம் எடுத்துத் தரும் விபத்துக் காப்பீட்டிலோ, நாமாகப் போய் மாற்றாதவரை பழைய பெயரே ஏட்டில் கிடக்கும். அந்தப் பெயருக்குரியவரும் உயிரோடு இல்லையென்றால், மனைவி வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். (இத்தனைக்கும் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான்.)

மனைவிக்கும் மகளுக்கும் பாதிப் பாதியாக எழுதினேன். மகளுக்கு 18 வயது நிறையாததால், அவளுடைய பங்கைப் பெற்றுக்கொள்ள ஒரு காப்பாளரின் பெயர் வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் மனைவியின் பெயரை எழுதிவிட்டேன்.

பிறகுதான், நாங்கள் இருவரும் தினமும் ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

வேறு படிவம் வாங்கி, அக்காவின் பெயரை எழுதினேன்.