ஃபயர்பாக்ஸ் ரிலீஸ் நோட்ஸ்ல ரெண்டு வரி எழுதறதுக்கு என்னெல்லாம் பாக்கணும்

வெப் டெவலப்பர்களுக்கான டாக்குமெண்டேஷன் சைட்டான எம்டிஎன்ல ஒவ்வொரு ஃபயர்பாக்ஸ் வெர்ஷனுக்கும் டெவலப்பர்களுக்குன்னு தனியா ஒரு ரிலீஸ் நோட்ஸ் பக்கம் இருக்கும், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஏபிஐன்னு பிரிச்சு புதுசா என்ன வந்திருக்குன்னு போட்டிருப்பாங்க. 2020 டிசம்பர்ல எம்டிஎன் டாக்குமெண்ட் எல்லாம் கிட்ஹப்புக்கு மாறினதுல இருந்து யார் வேணா புல் ரிக்வெஸ்ட், அதாவது என் மாத்தத்தை சேர்த்துக்கோங்கன்னு ஒரு கோரிக்கை, போடலாம், அப்படித்தான் நானும் உள்ள போனேன். எழுதறது என்னவோ ரெண்டே வரி. ஆனா அதை நம்பி ஒருத்தர் தன்னோட சைட்ல கோடு மாத்துவாரு, அதனால அந்த ரெண்டு வரி உண்மையா இருக்கணும்.

ஆரம்பம் பக்ஸில்லா, ஃபயர்பாக்ஸோட கோளாறு, புது ஃபீச்சர் வேலை எல்லாம் "பக்"னு பதிவாகிற சைட். டாக்குமெண்ட் தேவைப்படுற பக்ல டெவ்-டாக்-நீடட்னு ஒரு கீவேர்ட் இருக்கும், அதை வச்சு தேடினா லிஸ்ட் வந்துடும். பக்கோட தலைப்பை மட்டும் பாத்து எழுத உக்காராதீங்க, அது ஒரு என்ஜினியர் இன்னொரு என்ஜினியருக்காக போட்டது. கீழ இருக்கிற கமெண்ட்ஸ் முழுசா படிச்சாதான் விஷயம் பிடிபடும்.

இதுல ரொம்ப முக்கியமானது இந்த ஃபீச்சர் யாருக்கு ஆன்ல இருக்குங்கறதுதான். பக் ஃபிக்ஸ்டுன்னு க்ளோஸ் ஆயிருக்கும், கோடும் ஃபயர்பாக்ஸ்ல சேர்ந்திருக்கும், ஆனா சாதாரண ரிலீஸ் வெர்ஷன் வச்சிருக்கறவங்களுக்கு அது வேலையே செய்யாது, ஏன்னா புது ஃபீச்சர் நிறைய ஒரு ப்ரிஃபரன்ஸுக்கு, அதாவது ஆன்-ஆஃப் செட்டிங்குக்கு, பின்னாடிதான் முதல்ல வரும். அதுக்கு நான் ஃபயர்பாக்ஸ் கோடை தேடற சைட்டான செர்ச்ஃபாக்ஸ்ல போயி ஸ்டாடிக் ப்ரெஃப் லிஸ்ட்னு ஒரு யாமல் ஃபைல் இருக்கு, அதுல அந்த ப்ரிஃபரன்ஸ் பேரை தேடுவேன். வேல்யூ ட்ரூன்னு இருந்தா எல்லாருக்கும் ஆன். ஈஸ்-நைட்லி-பில்ட்னு இருந்தா நைட்லிங்கற சோதனை வெர்ஷன் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான், மத்தவங்க அபவுட் கன்ஃபிக்ங்கற செட்டிங்ஸ் பக்கத்துக்கு போயி கையால ஆன் பண்ணிக்கணும். ரெண்டாவது வகையை புதுசா வந்துடுச்சுன்னு எழுதக்கூடாது, அதுக்கு எக்ஸ்பெரிமெண்டல் ஃபீச்சர்ஸ்னு தனி பக்கம் இருக்கு, நைட்லி, டெவலப்பர் எடிஷன், பீட்டா, ரிலீஸ்னு நாலு வகை ஃபயர்பாக்ஸுக்கும் எதுல ஆன் எதுல ஆஃப்னு டேபிளா போடணும். பின்னாடி ரிலீஸ்ல ஆன் ஆனதும் அங்கிருந்து எடுத்துடணும், இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல.

அப்புறம்தான் எழுதறது. சிஎஸ்எஸ் ஹேஸ் செலக்டரை எடுத்துக்கோங்க. சஃபாரில 2022 மார்ச்ல 15.4லயே வந்துச்சு, க்ரோம்ல அதே வருஷம் ஆகஸ்ட்ல 105ல, ஃபயர்பாக்ஸ்ல 2023 டிசம்பர் 121லதான் வந்துச்சு. "ஹேஸ் செலக்டருக்கு சப்போர்ட் சேர்க்கப்பட்டுள்ளது"ன்னு எழுதினா தப்பில்ல, ஆனா படிக்கறவருக்கு ஒண்ணும் கிடைக்காது. உள்ள என்ன எலிமெண்ட் இருக்குங்கறதை வச்சு வெளிய இருக்கிற எலிமெண்ட்டுக்கு ஸ்டைல் குடுக்கலாம், உதாரணமா படம் இருக்கிற கார்டுக்கு மட்டும் வேற பேடிங், இதுக்கு இனிமே ஜாவாஸ்கிரிப்ட் வேணாம்னு எழுதினா அவருக்கு உடனே புரியும். வேகம் மேம்படுத்தப்பட்டதுங்கற மாதிரி மொட்டையான வரியை நான் எழுதறதே இல்ல, எது வேகமாச்சுன்னு சொல்ல முடிஞ்சா மட்டும்தான். கடைசில பக் நம்பர் லிங்க் கட்டாயம்.

ரிவ்யூ பத்தி பயப்பட வேணாம், மார்க்டவுன் ஃபார்மெட் சரியில்லன்னா தானாவே செக் காட்டிக் குடுத்துடும், ரிவ்யூ பண்றவங்களும் பொறுமையாதான் சொல்லுவாங்க. அந்த ஃபீச்சரோட எம்டிஎன் பக்கத்துக்கு கீழ, எந்த ப்ரௌசர்ல எந்த வெர்ஷன்ல இருந்து வேலை செய்யும்னு காட்டற ப்ரௌசர் கம்பேட்டிபிலிட்டி டேபிள் மட்டும் கிட்ஹப்ல வேற ரெப்போல (ஃபைல் தொகுப்புல) ஜேசன் ஃபைலா இருக்கு, அதையும் மாத்தினீங்களான்னு பாத்துக்கோங்க. நோட்ஸ்ல ஒரு வெர்ஷன், டேபிள்ல வேற வெர்ஷன் இருந்தா படிக்கறவர் எதை நம்புவாரு.

சாதாரண யூசருக்கான நோட்ஸ் வேற, அதுக்கு பக்லயே ரிலீஸ் நோட் ஃப்ளாக் வச்சு கேக்கணும், ஏன் இது முக்கியம், வாசகம் எப்படி இருக்கலாம்னு நிரப்பணும். அங்க இன்னொரு சிக்கல், எல்லாருக்கும் ஒரே நேரத்துல இல்லாம படிப்படியா திறந்து விடற ஃபீச்சர். 2025 ஏப்ரல்ல 137ல டேப் க்ரூப்ஸ் (டேப்களை குழுவா சேர்த்து வைக்கிற வசதி) அப்படித்தான் வந்துச்சு. அதை நோட்ஸ்ல சொல்லலன்னா அப்டேட் பண்ணிட்டு டேப் க்ரூப்பை தேடித் தேடி என் மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்குவாங்க.

இன்னொண்ணு, பீட்டால இருக்கும்போது பிரச்சினை வந்து ஃபீச்சரை ஆஃப் பண்ணிடறது நடக்கும். அதனால நோட்ஸ் மெர்ஜ் ஆனதும் விட்டுடாம ரிலீஸுக்கு முன்னாடி அந்த பக்கை இன்னொரு தடவை திறந்து பாத்துடுங்க.