காலனை வென்ற மன்மதன்

லண்டனில் பாண்ட் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் நெரிசலை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால் மான்செஸ்டர் சதுக்கம் வரும். அங்கே ஹெர்ட்ஃபோர்டு ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் இருக்கிறது ஓர் அருங்காட்சியகம், வாலஸ் கலெக்‌ஷன். 1900இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பலரும் ஓவியங்களுக்காக வருகிறார்கள். நான் போனது ஆந்த்ரே-சார்ல் பூல் செய்த கடிகாரங்களுக்காக.

பூல் (1642–1732) பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தச்சர். 1672இல் லூவ்ர் அரண்மனையிலேயே அவருக்குப் பட்டறை கொடுத்தார்கள். தச்சர் என்றால் பாதிதான் சொன்னதாகும். வெண்கலத்தில் உருவம் வடிப்பதும் செதுக்கி முலாம் பூசுவதும் அவர் பட்டறையிலேயே நடந்தன. உள்ளே ஓடும் இயந்திரம் கடிகாரக்காரரின் வேலை. வெளியே தெரிவதெல்லாம் பூல்.

என்னை நிற்க வைத்தது ஒரே ஒரு கடிகாரம். முகப்புக்குக் கீழே தாடியும் இறக்கையுமாக ஒரு கிழவன் சாய்ந்து கிடக்கிறான். அவன்தான் காலம். ஐரோப்பியர் காலத்தை அரிவாள் ஏந்திய கிழவனாகவே வடிப்பார்கள். உச்சியில் ஒரு சின்னப் பையன், அவர்களுடைய மன்மதன். காதல் காலத்தை வென்றுவிட்டது என்பது பொருள்.

நடராசர் காலடியில் முயலகனைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த அமைப்பு புதிதில்லை. ஆனால் கதை நேர்மாறு. திருக்கடையூரில் காலனை உதைத்தவர் சிவன். திருக்குறுக்கையில் காமனை எரித்தவரும் அவரே. நம் கதையில் இரண்டு பேருமே தோற்றார்கள். இங்கே ஒருவன் இன்னொருவன் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான்! நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கடிகாரப் பெட்டியின் இழைப்பு வேலையைப் பார்த்தேன். பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மெல்லிய ரம்பத்தால் சேர்த்தே அறுப்பார்கள். ஒரே அறுப்பில் இரண்டு படம் கிடைக்கும்: ஆமை ஓட்டில் பதித்த பித்தளைக் கொடி, பித்தளையில் பதித்த ஆமை ஓட்டுக் கொடி. துணுக்குகூட வீணாகாது. பூல் கண்டுபிடித்த முறை இல்லை இது. ஆனாலும் அவர் கைக்கு வந்தபின் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த ஓட்டுக்காக அழுங்காமைகளைக் கொன்றார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

முகப்பில் ஒவ்வொரு ரோமன் எண்ணும் தனித்தனி எனாமல் (உலோகத்தின் மேல் சுட்டுப் பதிக்கும் கண்ணாடிப் பூச்சு) வில்லையில் இருந்தது. அந்தக் காலத்துச் சூளையில் பெரிய எனாமல் தட்டைக் கோணாமல், விரிசல் விடாமல் சுட்டெடுப்பது கடினம். அந்தச் சிரமத்தையே அலங்காரமாக்கிவிட்டார்கள்.

இவ்வளவு செலவழித்துப் பெட்டி செய்ய ஒரு காரணம் இருந்தது. 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்தபின், ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் பிசகிய கடிகாரம் சுமார் 15 நொடிதான் பிசகியது. நம்பகமான நேரம் என்பது அப்போது புதுச் செல்வம். அதை வைக்க நல்ல வீடு கேட்டார்கள்.

பொன்னாக மின்னுகிறதே, அந்த முலாமும் சும்மா வரவில்லை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளின் உடல் குலைந்துபோகும். பெயர்ப்பலகையில் அவர்கள் இல்லை.

பூலும் அடி வாங்கியவர்தான். 1720இல் பட்டறை தீப்பிடித்து, ஆயுள் முழுக்கச் சேர்த்த ஓவியங்களும் கோட்டோவியங்களும் போயின. அப்போது அவருக்கு 77 வயது. அதற்குப் பிறகும் 11 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள். கிளம்புமுன் திரும்பவும் அந்தக் கடிகாரத்திடம் போனேன். மேலே இருக்கும் பையனைப் பார்க்கத் தோன்றவில்லை. குனிந்து கிழவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.